ஆறு மாதத்தின் பின்னர் பரிசீலிக்கப்படும்

கொட்டாஞ்சேனை
12.01.2025

அன்புள்ள பிறிஜெற் அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வரும் முன்னே எங்களுக்கு அறிவித்துவிடுகிறது. பண்டாரவளைக் குளிரில் உங்கள் இருமல் எப்படி? மடத்தில் நீங்கள் அமலா சகோதரியாகி ஆறு வருடமாகிவிட்டது. எனக்கு வாயில் வருவது இன்னும் பிறிஜெற் அக்காதான். உங்களுக்கு முன்னால் இந்தக் கடிதத்தைத் திறந்து வாசிக்கப்போகும் மதருக்கும் என் வணக்கம். இந்த முறை நல்ல செய்திதான் மதர், தைரியமாக வாசியுங்கள்.

எனக்குப் புது வேலை கிடைத்துவிட்டது.

சந்திரகுமார் ஐயாவின் புறக்கோட்டைக் கந்தோரில் ஏழு வருடம். கப்பலில் வரும் சாமான்களைச் சுங்கத்தில் விடுவிக்கிற பத்திரங்கள் எல்லாம் நான்தான் தயாரிப்பேன். அதைக் கொண்டுபோய்த் துறைமுகத்தில் காட்டி, கொன்டேனரை வெளியே எடுத்து வருவது வார்ஃப் கிளார்க்மாரின் வேலை. எல்லாரும் ஆம்பிளைகள். அங்கே அதிகாரி ஒரு கேள்வி கேட்டால் உடனே எனக்கு ஃபோன் வரும். "நிலூஷா, இவர் இப்படிக் கேக்கிறார், என்ன சொல்ல?" நான் புறக்கோட்டையில் இருந்து சொல்வேன். அவர்கள் அங்கே தங்கள் மூளையில் உதித்ததுபோலச் சொல்வார்கள். போன வருடம் நானும் சுங்கப் பரீட்சை எழுதி, துறைமுகத்துக்குள் போகிற வார்ஃப் கிளார்க் பாஸ் எடுத்தேன் அல்லவா, அதற்கு ஐயா சொன்னது: "நல்லது பிள்ளை, ஃபிரேம் போட்டு மாட்டு."

மாட்டவில்லை. கோட்டையில் ஒரு பெரிய கம்பெனி வார்ஃப் கிளார்க் வேண்டும் என்று பேப்பரில் போட்டிருந்தது. விண்ணப்பித்தேன். எட்டாம் திகதி மூன்று பேர் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார்கள். பத்தாம் திகதி ஆளணி முகாமையாளர் வினோதன் என்பவர் ஃபோன் எடுத்து, "மிஸ், நீங்க செலெக்ட் ஆகிட்டீங்க, லெட்டர் வரும்" என்றார். அடுத்த நாள் காலையிலேயே வேலையை விடுகிறேன் என்று ஐயாவின் மேசையில் ஒரு மாத நோட்டீஸ் வைத்துவிட்டேன். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அம்மா கொச்சிக்கடையில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினா. நீங்களும் எனக்காக ஒரு செபமாலை சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
நிலூஷா


பண்டாரவளை
20.01.2025

அன்புத் தங்கை நிலூஷாவுக்கு,

கர்த்தரின் சமாதானம் நம் வீட்டில் தங்கட்டும். இருமல் குறைந்துவிட்டது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிடு, சும்மா பகிடி பண்ணிக்கொண்டிராதே.

உன் செய்தியை மதர் வாசித்துவிட்டுச் சிரித்தபடிதான் கொண்டுவந்து தந்தார். எனக்கும் சந்தோஷம். ஆனால் நோட்டீஸ் கொடுத்தது என்று வாசித்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டேன். மடத்துக்கு வரும் முன் பதினான்கு வருடம் கோட்டைக் கம்பெனி ஒன்றில் வேலைக் கடிதங்களை ரைப் செய்தவள் நான். ஃபோனில் சொன்னது நீர் மேல் எழுத்து. கடிதம் கையில் வந்ததா? வந்ததும் முழுவதையும் எழுது, ஒரு வரி விடாமல்.

ஐயாவிடம் நோட்டீஸைத் திரும்ப வாங்க முடியுமா என்று பார்.

செபத்துடன்
அக்கா


கொட்டாஞ்சேனை
21.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதவேண்டும், எழுதிவிட்டேன். நீங்களும் மதரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

ஐயா நோட்டீஸைத் திருப்பித் தரவில்லை. தன் மச்சானின் மகனை என் கதிரையில் இருத்திவிட்டார். பதினோராம் திகதியிலிருந்து நான் வீட்டில் இருக்கிறேன், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு.

நேற்றுக் கடிதம் வந்தது. நல்ல தடித்த தாள். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் எழுதுகிறேன்: "தங்களை வாடிக்கையாளர் தொடர்பு உதவியாளராக நியமிப்பதில் மகிழ்ச்சியடைகிறோம். வார்ஃப் பணி தொடர்பான தங்கள் ஆர்வம் ஆறு மாதத்தின் பின்னர் பரிசீலிக்கப்படும். மார்ச் 14க்கு முன்னர் நகலில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பவும்." ஏப்ரல் முதலாம் திகதி வேலையில் சேர வேண்டுமாம்.

நான் எந்த வேலைக்கு விண்ணப்பித்தேன், என்னை எந்த வேலைக்குத் தெரிவு செய்தார்கள், இது எந்த வேலை? உடனே வினோதனுக்கு ஃபோன் எடுத்தேன்.

"மிஸ், வார்ஃப் சரியான ரஃப் இடம். லேடீஸுக்கு ஒன்றெண்டா எங்கட பொறுப்பு. அதுதான் டைரக்டர் யோசிச்சு ஏசி ரூம்ல போட்டிருக்கிறார். சம்பளமும் கூட."

"நான் ஏசி கேக்கேல்லையே சேர்."

"எல்லாரும் கேக்கிறது அதைத்தான் மிஸ்."

சம்பளம் கூடத்தான், அக்கா, பொய் சொல்லக்கூடாது. அதனால் இங்கே எனக்குத்தான் பைத்தியம் என்று தீர்ப்பாகிவிட்டது. அம்மா சொல்கிறா, "உன்ட அப்பா அந்தத் துறைமுக கேட்டுக்குள்ள முப்பது வருஷம் போய் முதுகு உடைஞ்சு வந்தது காணாதா? கும்பிட்டு வாங்கிக்கொள்." அப்பா மூட்டை தூக்கினார். நான் பத்திரம் காட்டப் போகிறேன். அம்மாவுக்கு இரண்டும் ஒரே கேட்.

கையெழுத்து வைக்காவிட்டால் வேலை இல்லை. வைத்தால், நான் படித்து எடுத்த பாஸுக்கு ஃபிரேம்தான். இப்படிக் கடிதங்களோடு பதினான்கு வருடம் இருந்தவர் நீங்கள். இதற்கு மரியாதையாக, முறையாக, ஒரு பதில் எழுதித் தாருங்கள்.

நிலூஷா


பண்டாரவளை
26.02.2025

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவரின் அமைதி உன் கோபத்துக்கும் கிடைக்கட்டும். இங்கே நலம். தோட்டத்தில் அவரை நன்றாகக் காய்த்திருக்கிறது.

கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மரியாதையான கடிதம்தான். அம்மாவுக்கு வயதாகிறது, நீ வீட்டில் இருக்கிறாய். கதவு திறந்திருக்கும்போது உள்ளே போய்விடுவது நல்லது. உள்ளே போன பிறகு கேட்கலாம். கீழே உள்ளபடி எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

"தங்கள் கடிதத்துக்கு மிக்க நன்றி. தங்கள் நிறுவனத்தில் இணையக் கிடைத்த வாய்ப்பைப் பெருமையாகக் கருதுகிறேன். குறிப்பிட்ட பதவியை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறேன். வார்ஃப் பணி குறித்து ஆறு மாதத்தின் பின்னர் தாங்கள் பரிசீலிப்பீர்கள் என்பதில் நம்பிக்கை கொண்டுள்ளேன்."

திகதியைப் போடு. நகலில் முழுப்பெயரையும் எழுதிக் கையொப்பமிடு. வருகிற புதன் விபூதிப் புதன் என்பது உனக்குத் தெரியும். அன்று தொடங்கித் தவக்காலம் முழுவதும் நாங்கள் கடிதம் எழுதுவதுமில்லை, வாங்குவதுமில்லை. கேட்க வேண்டியது இருந்தால் அதற்கு முன் கேள்.

செபத்துடன்
அக்கா


கொட்டாஞ்சேனை
01.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. அவரைக்காய்க்கும் என் வாழ்த்து.

உங்கள் மாதிரிக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பார்த்தியா, அவள் படிச்சவள்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டா. எனக்கும் கண்ணீர் வந்தது, வேறு காரணத்துக்கு. அக்கா, அது என் கடிதத்துக்குப் பதில் இல்லை. வினோதன் தனக்குத் தானே எழுதிக்கொண்டால் அப்படித்தான் எழுதுவார். சின்ன வயதில் என்னைப் பள்ளிக்கூடத்தில் பின்வாங்கில் இருத்தினார்கள் என்று சிஸ்டரிடம் சண்டைக்குப் போனது நீங்கள்தானே? அந்தப் பிறிஜெற் எங்கே போனா?

ஒரேயொரு கேள்வி கேட்கிறேன். பதினான்கு வருடம் உங்கள் கம்பெனியில் இருந்தீர்கள். "ஆறு மாதத்தின் பின்னர் பரிசீலிக்கப்படும்" என்று கடிதம் வாங்கிய யாருக்காவது ஆறு மாதத்தின் பின் பரிசீலித்தார்களா? ஆம் என்றால் நான் நாளைக்கே கையெழுத்து வைக்கிறேன். இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். ஒரு சொல் போதும். புதனுக்கு முன் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

மதர், கோபத்தில் எழுதியதற்கு மன்னிக்கவும். கேள்வியை மட்டும் மன்னிக்க வேண்டாம், அது சரியான கேள்வி.

நிலூஷா


பண்டாரவளை
04.03.2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் இன்று பின்னேரம்தான் கிடைத்தது. மணி அடித்துவிட்டது, நாளை விபூதி. அதிகம் எழுத நேரமில்லை. உனக்காகச் செபிக்கிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள். கையெழுத்தை வைத்துவிடு. மற்றதை உயிர்ப்புக்குப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா


கொட்டாஞ்சேனை
10.03.2025

ஆளணி முகாமையாளர் அவர்கட்கு,

ஐயா,

தங்கள் கடிதம் 20.02.2025 அன்று கிடைத்தது. நன்றி.

தங்கள் பத்திரிகை விளம்பரம் வார்ஃப் கிளார்க் பதவிக்கானது. நான் விண்ணப்பித்ததும் அதற்கே. 08.01.2025 அன்று என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் அனைத்தும் சுங்க விடுவிப்பும் துறைமுக நடைமுறையும் பற்றியவை. 10.01.2025 அன்று நான் தெரிவாகிவிட்டதாகத் தாங்கள் தொலைபேசியில் அறிவித்தீர்கள். அந்தச் சொல்லை நம்பி நான் இருந்த வேலையை விட்டேன்.

தற்போது தாங்கள் தந்துள்ள பதவிக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. ஆகவே அதை ஏற்கவில்லை. நகலைக் கையொப்பமின்றி இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

துறைமுகம் பெண்களுக்குக் கடினமான இடம் என்று தொலைபேசியில் கூறினீர்கள். அது காரணமாயின் அதை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். காரணம் வேறாயின் அதையும் எழுத்தில் தரவும். நான் தெரிவு செய்யப்பட்ட பதவிக்குத் திருத்திய கடிதம் கிடைப்பின், ஏப்ரல் முதலாம் திகதி காலை கடமையை ஏற்கத் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்
செ. நிலூஷா

பிரதி: நேர்முகப் பரீட்சைக் குழுவின் மூவருக்கும்


கொட்டாஞ்சேனை
11.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உயிர்ப்புத் திருநாள் வரை மதரின் மேசை லாச்சிக்குள் கிடக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அம்மா சுகம், ஆனால் என்னோடு கதைக்கிறதில்லை. சோற்றுக் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தத்தில் எல்லாம் சொல்லிவிடுகிறா.

நான் எழுதிய பதிலின் தமிழ்ப் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். முதலாவதில் வினோதனின் பரம்பரையையே இழுத்திருந்தேன். கடைசியில் நடந்ததை மட்டும் திகதியோடு எழுதினால் போதும் என்று தோன்றியது. மூன்று பேருக்குப் பிரதி போட்டது ஐயாவின் கந்தோரில் படித்த புத்தி. பிரதி இல்லாத கடிதம் ஒருவருடைய லாச்சியோடு செத்துப்போகும். நேற்று நான்கையும் பதிவுத் தபாலில் போட்டேன். போட்ட பிறகு தபால் கந்தோர் வாசலில் நின்று பதிவுத் துண்டுகள் நான்கையும் இரண்டு முறை எண்ணினேன். மே மாத வாடகைக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் ஒரு சொல் எழுதியிருக்கலாம், அக்கா. நேரமில்லை என்று எழுதப் பிடித்த நேரத்தில் அதை எழுதியிருக்கலாம். உங்கள் மேல் எனக்குக் கோபம். கோபத்தோடுதான் உங்களுக்காகச் செபிக்கிறேன்.

நிலூஷா


பண்டாரவளை
12.03.2025

அன்புத் தங்கை நிலூஷாவுக்கு,

தவக்காலத்தில் எழுதுகிறேன், பயப்படாதே, இங்கே எல்லாரும் சுகம். போன வெள்ளி மதரிடம் அனுமதி கேட்டேன். முடியாது என்றார். சனிக்கிழமை மறுபடி கேட்டேன். முடியாது என்றார். நேற்று மூன்றாம் முறையாக, காரணத்தையும் சொல்லிக் கேட்டேன். உன் பழைய கடிதத்தை எடுத்து வாசித்துவிட்டு ஒரு தாளை நீட்டினார். "மௌனம் நாங்கள் கடவுளுக்குக் கொடுக்கிறது. உன் தங்கச்சிக்குச் சேரவேண்டிய பங்கையும் ஏன் சேர்த்துக் கொடுக்கிறாய்?" என்றார்.

உன் கேள்விக்குப் பதில்: "இல்லை." ஒருவருக்கும் பரிசீலிக்கவில்லை.

அன்று நேரம் இருந்தது. எழுதப் பயந்தேன். ஏனென்றால் அந்த வரி எனக்குத் தெரிந்த வரி. எங்கள் கம்பெனியில் வேலைக் கடிதத்துக்கு இரண்டு மாதிரிகள் இருந்தன, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. கேட்ட பதவியைத் தராமல் வேறொன்றைத் தரும்போது, "ஏதாவது நயமாப் போடுங்க மிஸ்" என்று முகாமையாளர் சொல்வார். பெண்களின் மாதிரிக்கு "ஆறு மாதத்தின் பின்னர் பரிசீலிக்கப்படும்" என்ற வரியை எழுதியவள் நான். நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். அதற்காக ஒரு முறை கேக் கூட வாங்கித் தந்தார்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து உனக்குத் தந்தேன்.

நளீபா என்று ஒரு பிள்ளை இருந்தாள். மேற்பார்வையாளராக வர விண்ணப்பித்தவள். ஆறு மாதம் முடிந்த நாள் என் மேசைக்கு வந்து, "மிஸ், என்ட லெட்டர் அடிச்சாச்சா?" என்று கேட்டாள். இந்தக் கிழமை வரும் என்றேன். அடுத்த மாதமும் வந்தாள், அடுத்த மாதமும் அதையே சொன்னேன். இரண்டு வருடம் கேட்டுவிட்டு நின்றுபோனாள். அப்படி ஒரு கடிதம் என் மெஷினில் பதினான்கு வருடமும் ஏறவே இல்லை, நிலூஷா. யாரும் எனக்கு அடிக்கத் தரவில்லை, நானும் ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. மடத்துக்கு வரும் முன் எல்லாப் பாவத்தையும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். இதைச் சொல்லவில்லை. இங்கிலீஷ் நன்றாக இருந்தபடியால் அது பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதே கையால்தான் உனக்கும் மாதிரி எழுதி அனுப்பினேன். அதைக் கிழித்துப் போடு. கையெழுத்து வைக்காதே. நீ கேட்டது எதுவோ அதைக் கேள். கிடைக்காவிட்டால் பட்டினி கிடப்போம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, எனக்கு இங்கே மூன்று வேளையும் சோறு வருகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்
பிறிஜெற் அக்கா

வாசித்தேன். கையெழுத்து வைக்க வேண்டாம். — மதர்


கொட்டாஞ்சேனை
31.03.2025

அன்புள்ள பிறிஜெற் அக்காவுக்கும், மதருக்கும்,

உங்கள் இருவரின் சுகத்துக்கும் ஆண்டவருக்கு நன்றி. உங்கள் கடிதம் வந்து சேர்ந்தபோது என் கடிதம் கம்பெனி மேசையில் கிடந்தது. வாசித்துவிட்டு அழுதேன். பிறகு அந்தக் கேக்கை நினைத்துச் சிரித்தேன். ருசியான கேக், அக்கா. மன்னிப்பு எல்லாம் எப்போதோ கொடுத்தாயிற்று.

பதினான்காம் திகதி போனது, ஒன்றும் இல்லை. அடுத்த கிழமையும் இல்லை. அம்மா என்னோடு கதைக்காமல் என் பாஸைப் பார்த்துத்தான், "இதை அவிச்சுக் குடிப்பம்" என்றா. இருபத்துநான்காம் திகதி வினோதன் ஃபோன் எடுத்தார். "மிஸ், ஏன் லெட்டர் எல்லாம், வந்து கதைச்சிருக்கலாமே." கதைத்துத்தானே சேர் இவ்வளவும் வந்தது என்றேன். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்.

டைரக்டர் என் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். "யார் இதை எழுதித் தந்தது?" என்று கேட்டார்.

"நான்தான் சேர்."

"வார்ஃப்ல ஆம்பிளைகள் தூஷணம் கதைப்பாங்கள், தெரியுமா?"

"ஏழு வருஷமா ஃபோன்ல கேட்டனான் சேர்."

நேர்முகத்தில் இருந்த மூவரில் ஒருவர் அவர்களுடைய வார்ஃப் பொறுப்பாளர், வயதான சிங்களவர். பிரதி கிடைத்த பிறகுதான் பதவியை மாற்றியது அவருக்குத் தெரியவந்ததாம். நான் இருக்கும்போதே சிங்களத்தில் டைரக்டரிடம் சொன்னார், நான் கேட்டது இந்தப் பிள்ளையைத்தான், என்னிடம் கேட்காமல் ஏன் மாற்றினீர்கள் என்று. அவர் சத்தம் போடவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.

கடைசியில் டைரக்டர், "சரி மிஸ், முதலாம் திகதி வார்ஃபுக்கே வாங்க, லெட்டர் பிறகு தாறம்" என்றார்.

"இருந்து வாங்கிக்கொண்டு போறன் சேர்."

"இண்டைக்கு லெட்டர் அடிக்கிற ஆள் பிஸி."

"பரவாயில்லை சேர், எனக்கு வேற வேலை இல்லை."

வரவேற்பறைக் கதிரையில் போய் இருந்தேன். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. தேத்தண்ணி கொண்டுவந்தார்கள், தவக்காலம் என்று வேண்டாம் என்றேன். எதிர்மேசையில் கடிதங்கள் அடிக்கிற பிள்ளை, றுஷ்னா என்று பெயர், அவளும் ரமழான் நோன்பு. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பசியோடு இருந்தோம். இரண்டரை மணிபோல வினோதன் வந்து ஒரு தாளை அவள் முன்னால் போட்டுவிட்டுப் போனார்.

அவள் அடித்தாள். அடித்ததைத் திரையில் ஒரு முறை வாசித்தாள், பிறகு இன்னொரு முறை. கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் தந்தபோது மெல்லிய குரலில் சொன்னாள்: "அக்கா, நாலு வருஷமா இங்க லெட்டர் அடிக்கிறன். ஒரு பொம்பிளைக்கு மாத்தித் திரும்ப அடிச்சது இதுதான் முதல்." பதவி வார்ஃப் கிளார்க். பரிசீலனை என்ற சொல்லே அதில் இல்லை, நான் தேடிப் பார்த்தேன். அங்கேயே நகலில் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.

நான் எழும்பி வரும்போது திரும்பிப் பார்த்தேன். பிரின்டரில் இருந்து அவள் இன்னொரு பிரதி எடுத்தாள். கம்பெனி ஃபைலுக்கு இல்லை. நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்து மூடினாள்.

அம்மா இன்னும் கதைக்கிறதில்லை, ஆனால் என் சப்பாத்தைத் துடைத்துக் கதவடியில் வைத்திருக்கிறா. காலை ஆறரைக்குக் கேட்டில் நிற்க வேண்டும், ஆகையால் இத்துடன் நிறுத்துகிறேன்.

உங்கள் தங்கை
செ. நிலூஷா
வார்ஃப் கிளார்க்